மேட்டூர் தெருக்களில் ஒரு பச்சை உலா: வீட்டுச் செடி மூச்சைக் காக்குமா?

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், அணை கண்ணில்படும் முன்பே உயரமான புகைபோக்கிகள் தெரிந்துவிடும். முதல்முறை வரும் குழந்தைகள் 'அதோ டேம்!' என்று கத்துவதும், பக்கத்து சீட்டிலிருக்கும் உள்ளூர்க்காரர் 'அது தெர்மலுங்க கண்ணு... டேம் இன்னும் தள்ளி இருக்குது' என்று சிரிப்பதும் அந்த பஸ்களில் சகஜம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக அணைக்குத்தான் போகிறார்கள். பூங்காவில் புல்வெளி, பதினாறு கண் மதகு, அணைக்கட்டு முனியப்பன் கோயில், வாழை இலையில் வறுத்த மீன், ஆடிப் பெருக்கு என்றால் காவிரியில் ஒரு முழுக்கு. சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் நடப்பவர்கள் குறைவு.

நடந்தால் முதலில் கண்ணில்படுவது செடிகள். சேலம் கேம்ப், ராமன் நகர், மாதையன்குட்டை என எந்தப் பக்கம் போனாலும் வாசலில், படிக்கட்டில், மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் தொட்டிகள். காலியான பெயின்ட் வாளி, உடைந்த பிளாஸ்டிக் குடம், அரிசி மூட்டையின் சாக்கு என எதில் மண் நிற்குமோ அதிலெல்லாம் ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லி, ஒரு செம்பருத்தி. இவை பழைய குடிகள். சமீப வருடங்களில் புதிய குடிகள் சில, வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. டி.வி. ஸ்டாண்டின் ஓரத்தில் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஸ்நேக் பிளான்ட், ஃபிரிட்ஜ் மேல் பாட்டில் தண்ணீரில் மணிபிளான்ட், ஹாலின் மூலையில் அரிக்கா பனை.

அழகுக்கு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நர்சரியில் கேட்கும் கேள்வியைக் கவனித்தால் விஷயம் புரியும். 'ஏனுங்க, இது காத்தைச் சுத்தம் பண்ற செடிதானுங்களே?' வாங்குகிறவர் வீட்டில் மூச்சிரைக்கும் பிள்ளையோ, இரவெல்லாம் இருமுகிற அப்பாவோ இருப்பார். செல்போனில் வந்த ஒரு வீடியோ, 'இந்தச் செடி இருந்தால் வீட்டுக்கு ஏர் பியூரிஃபையரே வேண்டாம்' என்று சொல்லியிருக்கும்.

மேட்டூரில் இந்தக் கேள்வி எழுவதற்கு ஊரின் கதையே ஒரு காரணம்.

தண்ணீர் கொண்டுவந்த தொழிற்சாலைகள்

1925-ல் கட்டத் தொடங்கிய அணை 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஆனது. சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே 5,300 அடி நீளத்துக்குக் காவிரியை மறித்து நிற்கும் கல் சுவர். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. ஜூன் 12 வந்தால் தஞ்சாவூர்க்காரர்கள் நாளிதழில் முதலில் பார்ப்பது இந்த அணையின் நீர்மட்டத்தைத்தான்.

டெல்டாவுக்குத் தண்ணீர் போனது. மேட்டூருக்கு மின்சாரம் கிடைத்தது. 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1937-ல் அணை அடிவாரத்தில் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. பிறகு பஞ்சாலை, 1960-களில் அலுமினிய ஆலை, பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை எனச் சங்கிலியாகத் தொடர்ந்தன. 1987-ல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. தலா 210 மெகாவாட்டில் நான்கு அலகுகள், பின்னால் 600 மெகாவாட்டில் ஒன்று, மொத்தம் 1,440 மெகாவாட். நாமக்கல்லிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குவார்ட்டர்ஸில் குடியேறி, பேரன் பேத்தி எடுத்து, 'எங்க ஊர் மேட்டூர்' என்று சொல்ல ஆரம்பித்தது இப்படித்தான்.

சோறு போட்ட ஊர் என்பதால் யாரும் அதை எளிதில் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழில் பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது, 60 முதல் 70 புள்ளி வரை பெற்ற 'கடுமையாக மாசுபட்ட' பகுதிகளில் மேட்டூரும் இருந்தது. இது காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வருடங்கள் ஓடிவிட்டன, கட்டுப்பாடுகளும் வந்திருக்கின்றன. இருந்தாலும் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் சித்திரைக்குள் மங்கினால் இங்கே உள்ளவர்களின் பார்வை ஒருமுறை வானத்தின் பக்கம் போய்வருகிறது.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும். அனல் மின் நிலையங்களில் வெள்ளையாக எழும்புவது எல்லாம் புகை அல்ல. அகலமான குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து வருவது நீராவி. ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கி வழியாக வருவதுதான் நிலக்கரி எரிந்த வாயு. அதில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் அதிகம். பி.எம். 2.5 என்று சொல்லப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் முடியும் சளியும் அதைத் தடுக்க முடியாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 5. அனல் மின் நிலையம், லாரி, விறகடுப்பு, குப்பை எரிப்பு என எரிகிற எதிலிருந்தும் இது வரும்.

இந்தத் துகளை ஸ்நேக் பிளான்ட் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பதுதான் நர்சரி வாசலில் நிற்பவரின் கேள்வி.

நாசா சொன்னதும் சொல்லாததும்

எல்லா வீடியோக்களும் ஒரே பெயரைச் சொல்கின்றன: நாசா. அது பொய்யில்லை. 1970-களில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் காற்றைச் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வேதி ஆவிகள் அதில் இருந்தன. பெயின்ட், பசை, பிளாஸ்டிக் போன்ற பொருட்களிலிருந்து கசிந்தவை. ஜன்னலைத் திறந்துவிட முடியாத இடம் அது. அங்கே காற்றை எப்படிச் சுத்தம் செய்வது என்ற தேடலில் பில் வோல்வர்டன் என்ற விஞ்ஞானி செடிகளைப் பிடித்தார். 1989-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. மூடிய கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் ஒரு செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைட், ட்ரைகுளோரோஎத்திலீன் ஆவிகளை உள்ளே செலுத்தி, 24 மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. இலையைவிட வேரும் வேரைச் சுற்றிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும்தான் அதிகம் வேலை செய்தன என்பதும் தெரிந்தது.

அந்த ஆய்வில் நாசாவோடு கைகோத்தது அமெரிக்காவின் தோட்ட அமைப்பாளர்கள் சங்கம் என்பது வீடியோக்களில் வராத தகவல். அதனால் ஆய்வு தப்பாகிவிடாது. ஆனால் செடி விற்பவர்களுக்கு அந்த அறிக்கை ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பது விளங்கும்.

பெட்டிக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. நம்முடைய வீடு மூடிய பெட்டி அல்ல. முன்வாசலைத் திறந்தால் புழக்கடை வரை காற்று ஓடுகிற அமைப்பு. கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டுதான் இருக்கும். ஒரு தொட்டிச் செடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உறிஞ்சும் ஆவியை, திறந்த ஜன்னல் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வேரிங்கும் பிரையன் கம்மிங்ஸும். அதுவரை வந்த 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமென்றால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் தேவை. பத்துக்குப் பத்து படுக்கையறை என்றால் ஏறக்குறைய 93 தொட்டிகள், அதுவும் மிகக் குறைந்த கணக்கில். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டால்தான் முடியும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் வேதி ஆவிகளைப் பற்றியவை என்பதையும் கவனிக்க வேண்டும். மேட்டூர்க்காரருக்குக் கவலை தருவது பெரும்பாலும் தூசியும் புகையும். இலையின் மேல் வந்து விழும் தூசி அங்கே தங்கும், அவ்வளவுதான். அறைக்குள் மிதக்கும் துகளைத் துரத்திப் பிடிக்க செடிக்குக் கையில்லை.

'இரவிலும் ஆக்ஸிஜன் தரும் செடி' என்று ஸ்நேக் பிளான்ட்டையும் கற்றாழையையும் சொல்வது உண்டு. வறண்ட நிலத்துச் செடிகள் ஈரத்தைச் சேமிக்கப் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அது உண்மை. ஆனால் ஆக்ஸிஜன் தயாராவது வெயில் இருக்கும்போதுதான். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 550 லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகிறது. கட்டிலோரம் இருக்கும் ஒரு தொட்டி அதில் துளியும் ஈடுகட்டாது. பயப்படவும் வேண்டாம், இரவில் செடி நம் மூச்சைப் பறித்துவிடும் என்பதும் அதே மாதிரி மிகைதான்.

ஸ்நேக் பிளான்ட்டைப் பற்றி இன்னொன்று. அதன் நெருங்கிய உறவுக்காரர் இந்த மண்ணிலேயே இருக்கிறார், பெயர் மருள். நார் எடுத்துக் கயிறு திரிக்கவும் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் கட்டவும் பயன்பட்டது. வேலியோரத்தில் கேட்பாரின்றி வளர்ந்த குடும்பம் இப்போது பீங்கான் தொட்டியில் விலை போட்டு விற்கிறது.

டெல்லியில் ஒருவர் செய்து பார்த்தது

'டெல்லியில் ஒரு ஆபீஸே செடியால் காற்றைச் சுத்தம் செய்கிறதாமே' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது கமல் மீட்டலின் கதை. டெல்லிக் காற்றால் தன் நுரையீரலின் திறன் 70 சதவிகிதமாகக் குறைந்துவிட்டதாக 1992-ல் மருத்துவர்கள் சொன்ன பிறகு, தீர்வு தேடிப் புறப்பட்ட தொழிலதிபர் அவர். நேரு பிளேஸில் உள்ள பஹார்பூர் பிசினஸ் சென்டரில் அரிக்கா பனை, ஸ்நேக் பிளான்ட், மணிபிளான்ட் மூன்றையும் நிறைத்தார். 2009-ல் அவர் பேசிய டெட் உரை உலகம் முழுக்கப் பரவியது.

அந்தக் கட்டடத்தில் 300 பேருக்கு 1,200 செடிகள். ஆளுக்கு, தோள் உயரத்தில் நான்கு அரிக்கா பனை வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. அதோடு அங்கே வெளிக்காற்றைத் தண்ணீரில் அலசி, வடிகட்டி உள்ளே அனுப்பும் இயந்திர ஏற்பாடும் உண்டு. செடியின் பங்கு எவ்வளவு, இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹால் மூலையில் ஒற்றை அரிக்காவை வைத்துவிட்டு அந்தப் பலனை எதிர்பார்ப்பது, ஒரு கரண்டி மாவில் ஊருக்கே தோசை ஊற்றுவது மாதிரி.

புகை எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் தெருக்களில் அதிகாலை நடந்தால் ஒரு வாசனை வரும். புழக்கடையில் வெந்நீர் அடுப்பு எரியும் வாசனை. கேஸ் சிலிண்டர் வந்து எத்தனையோ வருடமாகியும், குளிக்கத் தண்ணீர் காய வைப்பது பல வீடுகளில் தென்னை மட்டையிலும் காய்ந்த சுள்ளியிலும்தான். கேஸ் மிச்சமாகிறது. ஆனால் அந்தப் புகை சமையலறை ஜன்னல் வழியாக நேராக உள்ளே வருகிறது. சுற்றிலும் மலை இருக்கும் ஊர்களில் மார்கழி, தை மாதக் காலைகளில் தரையோரக் குளிர்காற்று மேலே எழும்பாமல் அப்படியே நிற்கும். அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் லாரிப் புகையும் அதில் தேங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறப்பதைவிட, வெயில் ஏறிய பிறகு திறப்பது நல்லது.

சமையலறைப் புகை எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே அளந்து காட்டியவர், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். விறகடுப்பின் முன் உட்கார்ந்த பெண்கள் சுவாசிக்கும் துகள் அளவை அவருடைய குழு பல வருடங்களாகப் பதிவு செய்திருக்கிறது. உலக அளவில் 2020-ல் மட்டும் வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆலையைப் பார்த்துக்கொண்டே இருந்த கண், அடுப்பைப் பார்க்க மறந்துவிடுகிறது.

அடுத்து கொசுவர்த்தி. நீர்நிலைக்குப் பக்கத்து ஊர், கொசுவுக்குக் கேட்க வேண்டுமா? சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு சுருளைப் பற்றவைப்பார்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று சொன்னது. சிகரெட் பிடிக்கிறவரை வெளியே போகச் சொல்கிற அதே வீட்டில், தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் சுருள் புகைகிறது. ஜன்னலுக்கு வலையடித்தால் கொசுவும் வராது, காற்றும் நிற்காது.

சாம்பிராணியைப் பற்றிப் பேசினால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கதவைத் திறந்துவைத்துப் போடும் சாம்பிராணி ஒரு பக்கம் இருக்கட்டும். குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் துணியால் மூடி, சாம்பிராணிப் புகையில் காட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. முடி உலரும், சளி பிடிக்காது என்று நம்பிச் செய்வது. விரல் நுனி அளவு நுரையீரலுக்குள் அந்தப் புகை போவதைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். துண்டால் துடைத்தாலே முடி உலர்ந்துவிடும்.

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் பக்கம் போனால் வேறொரு வகைத் தூசி. விசைத்தறி ஓடும் வீடுகள் அவை. தறிக்கு ஓர் அறை, குடும்பத்துக்கு அடுத்த அறை. பஞ்சு இழை காற்றில் பறந்து சிலந்திவலையில் படிந்து வெள்ளை மீசை மாதிரி தொங்கும். நாள்பட்ட பருத்தித் தூசி மூச்சுக்குழாயை இறுக்கும், அதற்குத் தனி நோய்ப் பெயரே இருக்கிறது: பிசினோசிஸ். அந்த வீடுகளில் தறியறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இறுக்கமாக மூடும் ஒரு கதவும், பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கமும் எந்தச் செடியைவிடவும் அதிகம் உதவும்.

அலங்காரத் தொட்டியோடு நான்கு இன்டோர் செடி வாங்கும் காசில் சமையலறைக்குச் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வந்துவிடும். தாளிக்கும்போது அதைப் போட்டுப் பாருங்கள், ஹாலில் யாரும் இரும மாட்டார்கள்.

செடியை எங்கே வைப்பது?

அப்படியானால் அந்த ஸ்நேக் பிளான்ட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? தேவையில்லை. இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் பேராசிரியர் பார்பரா மேஹர் குழு ஒரு சின்ன சோதனை செய்தது. வாகனங்கள் ஓடும் சாலையோரம் வரிசையாக உள்ள வீடுகளில் சிலவற்றின் முன்னால், தொட்டிகளில் வளர்ந்த 30 இளம் வெள்ளி பிர்ச் மரங்களைத் திரை மாதிரி நிறுத்திவைத்தார்கள். வீட்டுக்கு உள்ளே இருக்கும் தூசித் துகள் பாதிக்கும் மேல் குறைந்தது. 2013-ல் அந்த முடிவு வெளியானது. அந்த இலைகளின் மேல் இருக்கும் சன்னமான ரோமங்களும் மேடுபள்ளங்களும் துகளைப் பிடித்துக்கொண்டன. மழை வந்தால் கழுவிவிடும், மறுபடி பிடிக்கும்.

பிர்ச் மரத்துக்கு மேட்டூரில் எங்கே போவது? ஆனால் சாலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இலையை நிறுத்துவது என்ற யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. பழைய குவார்ட்டர்ஸ் வீதிகளில் வேம்பும் புங்கனும் நிற்பதைப் பாருங்கள். கேட்டை ஒட்டிச் செம்பருத்தி, இட்லிப் பூ, முல்லைப் பந்தல் என வேலியே பச்சையாக உள்ள வீடுகள் இன்றும் உண்டு. காம்பவுண்டு சுவரை உயர்த்திக் கட்டி, வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வேலிதான். அடுத்த மாதமே ஹாலுக்குள் 'காற்றுச் சுத்திகரிப்புச் செடி' வந்துவிடும். சாலையோரத்தில் நிற்கும் இலைக்கு முன்னால் தூசி ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஹாலுக்குள் இருக்கும் இலைக்கு அந்த வாய்ப்பே இல்லை. லங்காஸ்டரில் கிடைத்த பலன் அப்படியே இங்கே கிடைக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. மரம், காற்று, வீதி எல்லாமே வேறு. இடைவெளி இல்லாத அடர்த்தியான வேலி சாலைப் பக்கம் இருந்தால் நல்லது என்பதில் சந்தேகமில்லை.

வேலிக்கு ஆடாதோடையையும் யோசிக்கலாம். ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர். அகலமான இலை, தண்ணீர் குறைவாகக் கேட்கும், வெட்ட வெட்டத் தழையும். மூச்சோடு அதற்கு உள்ள உறவும் பழையது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்ஸின் என்ற சளி இளக்கும் மருந்து உருவாக்கப்பட்டது. இருமல் சிரப் பாட்டிலின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அதற்காக ஆடாதோடைக் கஷாயத்தை இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

வீட்டுக்குள் செடி வைத்தே தீருவேன் என்பவர்கள் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் பூஞ்சை வளரும், அதன் வித்துகள் ஆஸ்துமாக்காரரைத் தொந்தரவு செய்யும். மூச்சுக்காக வாங்கிய செடி மூச்சுக்கே வினையாகும். மணிபிளான்ட் நிற்கும் பாட்டிலிலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மணிபிளான்ட், டைஃபன்பேக்கியா, பீஸ் லில்லி இவற்றின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நீலக் குழாயும் பச்சைத் தொட்டியும்

செடியால் நேரக்கூடிய பெரிய நஷ்டம் காசு அல்ல. 'செடி வைத்திருக்கிறோம், சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடும் நாட்கள்தான். இரவு இரண்டு மணிக்கு விசில் மாதிரி சத்தத்தோடு மூச்சு வாங்கும் பிள்ளைக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருப்பார். 'அது பழக்கமாகிடும், வேண்டாம்' என்று பெரியவர்கள் அலமாரியில் வைத்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று. உடம்பெல்லாம் சுற்றாமல் நேராக வேண்டிய இடத்துக்குப் போவதால் அவ்வளவு போதுமானதாகிறது. பழக்கம் என்பதே கிடையாது. அடிக்கடி அந்த நீலக் குழாய் தேவைப்பட்டால், நோயைக் கட்டுக்குள் வைக்கும் வேறு இன்ஹேலர் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும்.

பேசும்போது வாக்கியம் முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆவி பிடிக்கவும் கற்பூரவல்லி பிழியவும் நேரம் கடத்தக் கூடாது. ஊரிலேயே அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, 108-க்குக் கூப்பிடலாம்.

சரி, ஹாலில் நிற்கும் அந்தச் செடி ஒன்றுக்குமே ஆகாதா? ஒரு வேலைக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைத் துணியை நனைத்து அதன் அகன்ற இலையொன்றைத் துடைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதே இலையை மறுபடியும். துணியில் படிகிற கறையின் நிறமும் அளவும் அந்த ஒரு வாரத்தில் வீட்டுக்குள் என்ன வந்தது என்று காட்டிவிடும். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் அடுப்புப் பக்கம் பார்க்கலாம். சாம்பல் நிறப் பொடியாக இருந்தால் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்க்கலாம். வீட்டு அளவில் இதைவிட மலிவான தூசி மானி கிடையாது. துடைத்த இலைக்கும் நல்லது, வெளிச்சம் நன்றாகப் படும்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மேட்டூர் வாசல்களில் ஒரு காட்சி பார்க்கலாம். அணையிலிருந்து வரும் காற்றுக்குத் தொட்டிகள் சரிந்து விழும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அவற்றை நிமிர்த்தி, சிதறிய மண்ணைக் கையால் அள்ளிப் போடுவார்கள். 'ஏம்மா, இதையெல்லாம் உள்ள எடுத்து வைக்கலாமா?' என்று ஒரு பிள்ளை கேட்கும். 'வேண்டாம் சாமி, அதெல்லாம் ரோட்டைப் பாத்தே நிக்கட்டும். நீ அந்தச் சமையக்கட்டு ஜன்னலை மொதல்ல தொறந்துட்டு வா' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.